சமையலறையில் ஸ்பானியம், விளையாட்டறையில் ஆங்கிலம்: மாட்ரித் புறநகரில் ஓர் ஓ-பேர் ஆண்டு

பின்னணி

அயர்லாந்தில் வளர்ந்த 19 வயதுத் தமிழ்ப் பெண். வீட்டில் தமிழ், வெளியில் ஆங்கிலம். பள்ளியில் ஐந்து ஆண்டுகள் ஸ்பானியம் படித்தவர். செய்தித்தாளை ஓரளவு தடையில்லாமல் வாசிப்பார். வாயைத் திறந்தால் நான்கு சொல்லுக்கு ஒருமுறை நின்றுவிடுவார். பல்கலைக்கழகத்தில் ஸ்பானியம் எடுப்பதற்கு முன் ஓராண்டை ஸ்பெயினில் கழித்து, பேச்சை பி2 நிலைக்கு, அதாவது ஐரோப்பிய மொழி அளவுகோலில் நடுநிலைக்குச் சற்று மேலான படிக்கு, கொண்டுவருவது அவர் நோக்கம். செலவு அதிகமில்லாத வழி என்று ஓ-பேர் ஏற்பாட்டைத் தேர்ந்தார்.

ஒரு குடும்பத்துடன் தங்கி, நாளுக்குச் சில மணிநேரம் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, பதிலுக்கு அறை, சாப்பாடு, கைச்செலவுக்குப் பணம் பெறுவதுதான் ஓ-பேர். சொல் பிரெஞ்சு, 'சரிசமமாக' என்று பொருள். வேலைக்காரராக அல்ல, வீட்டில் ஒருவராக என்பது கருத்து. 1969இல் ஸ்ட்ராஸ்பூர்கில் கையெழுத்தான ஐரோப்பிய ஓ-பேர் உடன்படிக்கை இதற்கு வரையறை தந்தது. ஸ்பெயின் 1988இல் அதை ஏற்றது. வயது 17 முதல் 30 வரை, வேலை பொதுவாக நாளுக்கு ஐந்து மணிநேரத்துக்கு மேல் போகக்கூடாது, வாரம் ஒரு முழு நாள் ஓய்வு, மாதம் ஒருமுறையாவது அந்த ஓய்வு ஞாயிற்றுக்கிழமையில் வர வேண்டும், மொழி வகுப்புக்குப் போகப் போதிய நேரம் தர வேண்டும், எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பவை அதன் முக்கிய விதிகள்.

குடும்பம் மாட்ரித்தின் வடமேற்குப் புறநகரில், தோட்டத்துடன் கூடிய தனி வீடுகள் வரிசையாக நிற்கும் குடியிருப்பில் இருந்தது. அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பெண்ணுக்கு 7 வயது, பையனுக்கு 4. அப்பாவின் தாயார் இரண்டு தெரு தள்ளித் தனியாக வசித்தார். இந்த ஆய்வில் பின்னால் முக்கியமாக வரப்போகிறவர் அவர்தான். தொடக்கத்தில் யாரும் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஒப்பந்தத்தில் இருந்தது

இரண்டு பக்க ஒப்பந்தம். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் 9, மாலை 4 முதல் 8; மாதிரி நாளில் ஐந்து மணிநேரம். சனிக்கிழமை மாலை மூன்று மணிநேரம். மொத்தம் 28. கைச்செலவுக்கு வாரம் 80 யூரோ. தனி அறை, சாப்பாடு, நகரப் பயண அட்டை. ஞாயிறு முழு ஓய்வு. விலகுவதானால் இரு தரப்பும் இரண்டு வார முன்னறிவிப்பு.

ஆறாவது பத்தியில் ஒரு வரி: 'குழந்தைகளுடன் எப்போதும் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும்.' கையெழுத்திடும்போது அது அவர் கண்ணில் படாமல் இல்லை. குழந்தைகளுடன்தானே, பெரியவர்களுடன் ஸ்பானியம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தார். வேலை நேரம் 28 மணியும் குழந்தைகளுடன்தான் என்பதைக் கூட்டிப் பார்க்கவில்லை. ஸ்பெயினில் ஓ-பேர் தேடும் குடும்பங்களில் பெரும்பாலானவை தேடுவது ஆங்கிலத்தை. ஸ்பானியம் பேச வருகிறவரும் ஆங்கிலம் வேண்டி அழைக்கிறவரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். இந்த நிகழ்வில் பின்னால் நடந்தது பலவும் இந்த ஒரு வரியிலிருந்து கிளைத்தவை.

பள்ளிக் கோடை, கிறிஸ்துமஸ் விடுமுறை நாட்களில் வேலை நேரம் எவ்வளவு என்று ஒப்பந்தம் எதுவும் சொல்லவில்லை.

முதல் எட்டு வாரம்: செப்டம்பர், அக்டோபர்

காகித வேலைகள் பெரிய சிக்கல் தரவில்லை. ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இருந்ததால் விசா தேவைப்படவில்லை. முதலில் நகராட்சியில் முகவரிப் பதிவு. அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட அனுமதி வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள் வெளிநாட்டவர் பதிவேட்டில் பதிந்து, பச்சை நிறச் சான்றிதழ் பெற வேண்டும். அதில்தான் அடையாள எண் வரும். இணையத்தில் நேரம் முன்பதிவு செய்வதுதான் கடினம், படிவம் அல்ல. வந்த முதல் வாரமே முயலத் தொடங்கி, அக்டோபர் கடைசியில் முடித்தார். குழந்தைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் அடையாள அட்டை நகலும் பள்ளி அலுவலகத்தில் முன்கூட்டியே இருக்க வேண்டும். அது இல்லாததால் முதல் நாள் வாசலில் நாற்பது நிமிடம் நின்றார்.

தவறிப்போனது மொழி வகுப்பு. ஸ்பெயின் முழுவதும் உள்ள அரசு மொழிப் பள்ளிகளில் வெளிநாட்டவருக்கான ஸ்பானிய வகுப்பு தனியார் பள்ளியை விடப் பல மடங்கு மலிவு. ஆனால் அவர் விமானம் ஏறுமுன்பே அந்தப் பகுதிப் பள்ளியில் சேர்க்கை முடிந்துவிட்டது. வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்ததன் விலை அது. வேறு வழியில்லாமல் வாரம் நான்கு மணிநேரத் தனியார் வகுப்பில் சேர்ந்தார். பன்னிரண்டு பேர் இருந்த வகுப்பு. ஆளுக்குப் பேசக் கிடைத்தது சில நிமிடம்.

இந்தக் காலத்தில் கவனித்தவற்றில் எதிர்பாராத ஒன்று உச்சரிப்பு. தமிழ் வாய்க்கு ஸ்பானியம் வசதியான மொழி. 'அது' என்று சொல்லும்போது த எப்படி மெலிகிறதோ, அப்படித்தான் 'நாதா', 'லாதோ' போன்ற சொற்களில் ஸ்பானிய த மெலிகிறது. சொல்லின் முதலில் வரும் ப, த, க ஆகியவற்றை ஆங்கிலத்தில் போலக் காற்றோடு தள்ள வேண்டியதில்லை. ஆகவே அவர் பேசும் முதல் வாக்கியம் உள்ளூர்க்காரர் பேசுவதுபோல ஒலித்தது. அதுவே தொல்லையானது. கேட்டவர்கள் இவருக்கு மொழி நன்றாகத் தெரியும் என்று முழு வேகத்தில் பதில் சொன்னார்கள். இவருக்குப் பாதி புரியவில்லை. முகத்தைப் பார்த்ததும் அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். பெற்றோர் இருவருக்கும் நல்ல ஆங்கிலம். ஒவ்வோர் உரையாடலும் மூன்றாவது வாக்கியத்தில் ஆங்கிலமானது.

குழந்தைகளுடன் ஒப்பந்தத்தை மீறி நழுவிய ஸ்பானியமும் ஒருவிதமாகவே இருந்தது. 'செருப்பைப் போடு', 'கையைக் கழுவு', 'ஓடாதே', 'சீக்கிரம்'. ஏவலும் நிகழ்காலமும்தான். நேற்று நடந்ததைச் சொல்லும் வினை இல்லை, கருத்துச் சொல்லும் வாக்கியம் இல்லை, பெரியவரிடம் மரியாதையாகப் பேசும் 'உஸ்தெத்' வடிவம் இல்லவே இல்லை. போதாக்குறைக்கு நான்கு வயதுப் பையன் உடைந்துபோனதை 'ரொம்பீதோ' என்பான். ஸ்பானியக் குழந்தைகள் பலரும் அந்த வயதில் அப்படித்தான் சொல்வார்கள். சரியான வடிவம் 'ரோதோ'. பள்ளியில் சரியாகப் படித்திருந்தும், நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு அவர் நாக்கிலும் 'ரொம்பீதோ' ஏறிவிட்டது. குழந்தையிடமிருந்து மொழி கற்கலாம் என்று சொல்கிறவர்கள் குழந்தையும் கற்றுக்கொண்டிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகள் மற்ற ஓ-பேர்களுடன் கழிந்தன. அமெரிக்கர், ஜெர்மானியர், டச்சுக்காரர் கலந்த குழு. பேசியது ஆங்கிலம்.

ஒரு வார எண்ணிக்கை

அக்டோபர் கடைசி வாரம், முன்னேற்றம் இல்லை என்ற மனக்குறையை எண்ணாக்கிப் பார்க்க முடிவு செய்தார். ஒவ்வொரு வேளை முடிந்ததும், ஸ்பானிய உரையாடலில் தான் உண்மையில் ஈடுபட்ட நிமிடங்களைக் கைபேசியில் குறித்தார். வகுப்பில் தான் பேசிய நேரத்தை மட்டும் எடுத்தார், உட்கார்ந்து கேட்டதை அல்ல. வாரக் கூட்டல்: குழந்தைகளுடன் 1 மணி 30 நிமிடம், பெற்றோருடன் 45 நிமிடம், நகர மையத்து மதுக்கடை ஒன்றில் நடந்த மொழிப் பரிமாற்றக் கூட்டத்தில் 40, வகுப்பில் 25, கடை, பேருந்து, பள்ளி வாசல் எல்லாம் சேர்த்து 20. மொத்தம் 3 மணி 40 நிமிடம். அதே வாரம் வேலை நேரம் 31 மணி.

இன்னோர் அளவுகோலும் இருந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, தயாரிப்பின்றி இரண்டு நிமிடம் ஸ்பானியத்தில் பேசிப் பதிவு செய்து, சொற்களை எண்ணினார். செப்டம்பரில் 62, நவம்பர் 1 அன்று 70. இரண்டு மாதத்தில் எட்டுச் சொல். ஸ்பெயினில் இருப்பது வேறு, ஸ்பானியத்தில் இருப்பது வேறு என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டிவிட்டன. பின்வந்த முடிவுகள் எல்லாம் இவற்றை மேசையில் வைத்துத்தான் எடுக்கப்பட்டன. 'எனக்கு ஸ்பானியம் வரவில்லை' என்றால் பெற்றோர் ஆறுதல் சொல்லியிருப்பார்கள்; 3 மணி 40 நிமிடம் என்றதும் பேச உட்கார்ந்தார்கள்.

நவம்பர்: மொழியைப் பிரித்தல்

மூன்று வழிகள் இருந்தன. வேறு குடும்பம் தேடுவது. இருக்கிற குடும்பத்தில் ஆங்கில விதியை நீக்கச் சொல்வது. விதியை வைத்துக்கொண்டு பிரிப்பது. முதலாவது கல்வியாண்டின் நடுவில் கடினம். மேலும் குடும்பம் நல்ல குடும்பம், குறை ஏற்பாட்டில்தான். இரண்டாவதைக் கேட்டால் பெற்றோர் ஏற்றிருக்க மாட்டார்கள், அது நியாயமும் அல்ல. மூன்றாவதைத் தேர்ந்தார்.

முதலில் கடிகாரப்படி பிரித்தார்கள்: ஆறரை வரை ஆங்கிலம், அதன்பின் ஸ்பானியம். இரண்டு வாரத்தில் குலைந்தது. நான்கு வயதுப் பிள்ளைக்கு ஆறரை என்றால் என்ன தெரியும்? தான் எந்த மொழியில் பேச வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்டு அழுதான். கடைசியில் எல்லாரும் பழைய வழிக்கே திரும்பினார்கள்.

பின்பு இடப்படி பிரித்தார்கள். விளையாட்டறையிலும் பூங்காவிலும் ஆங்கிலம். சமையலறை, குளியலறை, பள்ளிக்கு நடக்கும் வழி ஸ்பானியம். சமையலறைக் கதவில் ஒரு சிவப்புத் தாள், விளையாட்டறைக் கதவில் ஒரு நீலத் தாள். இது பிடித்துக்கொண்டது. வாசலைத் தாண்டியதும் பையன் தானாகவே மாறினான். இவர் மறந்து சமையலறையில் ஆங்கிலம் பேசினால் ஏழு வயதுப் பெண் சிவப்புத் தாளைக் காட்டினாள். பெற்றோருக்குக் கிடைத்த ஈடு: விளையாட்டறை நேரம் வெறும் காவலாக இல்லாமல், நாளும் ஒன்றரை மணிநேரம் பாட்டு, அட்டை விளையாட்டு, கதை என்று திட்டமிட்ட ஆங்கிலமாக ஆனது.

பெரியவர்களுடன் இரண்டு விதிகள். ஒன்று, அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறினாலும் இவர் மாறுவதில்லை. 'எஸ்பேரா, லோ இந்தெந்தோ ஓத்ரா பெத்' – பொறுங்கள், இன்னொரு முறை முயல்கிறேன் – என்ற ஒரு வாக்கியத்தை மனப்பாடமாக வைத்திருந்தார். கூடவே 'புவெஸ்', 'ஆ பெர்', 'எஸ் கே', 'ஓ சேயா' போன்ற இழுவைச் சொற்கள். நாம் 'வந்து', 'அதாவது' போட்டு நேரம் வாங்குவதுபோல. மௌனமாக யோசித்தால் எதிராளி ஆங்கிலத்தில் உதவ வருவார். 'புவெஸ்' என்று இழுத்தால் காத்திருப்பார்.

இரண்டாவது விதிதான் பேச்சை நகர்த்தியது என்பது எங்கள் கணிப்பு. மாலை அம்மா வீடு திரும்பியதும் ஐந்து நிமிடம் அன்றைய நடப்பை வாய்மொழியாகச் சொல்வது. மாட்ரித் பேச்சில் இன்று நடந்ததற்கு ஒரு வடிவம், நேற்று நடந்ததற்கு வேறு வடிவம். இன்று சாப்பிட்டான் என்றால் 'ஆ கொமீதோ'. நேற்று சாப்பிட்டான் என்றால் 'கொமியோ'. மாலை அறிக்கை முதல் வடிவத்தை நாள்தோறும் பழக்கியது. அதே செய்தியை மறுநாள் பாட்டியிடம் சொல்லும்போது இரண்டாம் வடிவம் தேவைப்பட்டது. தம்ளர் கைதவறி விழுந்ததை 'அவன் போட்டான்' என்று சொல்லாமல் 'செ லே ஆ காயீதோ', அவன் கையிலிருந்து விழுந்துவிட்டது, என்று சொல்வதும் இங்கே படிந்தது. தம்ளர் எத்தனை முறை விழுந்ததோ அத்தனை பயிற்சி.

பாட்டி வீட்டுச் சமையலறை

பாட்டிக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. அவர் தனியாகச் சாப்பிடுவதைப் பற்றி ஒருநாள் பேச்சு வந்ததால், செவ்வாயும் வியாழனும் மதியம் இரண்டு மணிக்கு ஓ-பேர் அங்கே சாப்பிடப் போவது என்று ஆயிற்று. இது வேலை நேரம் அல்ல என்பதை முதலிலேயே அம்மாவிடம் சொல்லி உறுதிசெய்தது சரியான முடிவு. இல்லாவிட்டால் 'பாட்டி வீட்டுக்குப் போகிறாயே, வரும்போது அந்தத் துணியையும்' என்று மெல்ல நீளும்.

உருளைக்கிழங்கு முட்டை அடையான 'தொர்த்தீயா' செய்யும் ஒரு மதியத்தை எடுத்துக்கொள்வோம். கிழங்கை மெல்லிய வில்லைகளாக அரிந்து, நிறைய ஆலிவ் எண்ணெயில் பொரிக்காமல் மெதுவாக வேகவிட்டு, வடித்து, அடித்த முட்டையில் ஊறவைத்து, சிறிய வாணலியில் ஊற்றி, ஒரு பக்கம் இறுகியதும் தட்டைக் கவிழ்த்துத் திருப்பிப் போட வேண்டும். பாட்டி சொன்னார்: 'குவாந்தோ குவாஹே, லே தாஸ் லா புவெல்தா.' இறுகினதும் திருப்பிப் போடு. பள்ளியில் ஐந்து ஆண்டு படித்தும் பேச்சில் வராத எதிர்பார்ப்பு வினை அந்த 'குவாஹே'. இனி நடக்கப்போவதற்குக் 'குவாந்தோ' வந்தால் வினை மாறும் என்பது அவருக்கு விதியாகத் தெரியும். எண்ணெய் சூடானதும் கிழங்கைப் போடு, வெந்ததும் வடி, இறுகினதும் திருப்பு என்று ஒரே அடையில் மூன்று முறை கேட்டு, அடுத்த வாரம் தானே சொல்லிச் செய்தபோதுதான் அது வாய்க்கு வந்தது.

அதே அடுப்படியில் வாதமும் பிறந்தது. தொர்த்தீயாவில் வெங்காயம் போடுவதா வேண்டாமா என்பது ஸ்பெயினில் ஓயாத வழக்கு. பாட்டி வெங்காயக் கட்சி. இவர் வேண்டுமென்றே எதிர்க்கட்சி எடுத்தார். 'எனக்குக் கிழங்கு மெத்தென்று இருந்தால் பிடிக்கும்' என்பதற்கு 'மே குஸ்தா கே எஸ்தே ப்லாந்தீத்தா' என்று சொல்ல வேண்டியிருந்தது. மீண்டும் அதே வினை வடிவம். 'ரொம்பீதோ'வைப் பிடித்ததும் பாட்டிதான். கோப்பை உடைந்ததை இவர் அப்படிச் சொன்னதும் சிரித்துவிட்டு, 'ரோதோ, மகளே, நீ என்ன நாலு வயசா?' என்றார். அதன்பின் அந்தப் பிழை வரவில்லை.

டிசம்பர் விடுமுறை

கிறிஸ்துமஸ் விடுமுறை ஸ்பெயினில் ஜனவரி 6, மூன்று அரசர் திருநாள் வரை நீளும். பள்ளி இல்லை, பெற்றோருக்கு அலுவலகம் உண்டு. முதல் விடுமுறை வாரம் வேலை நேரம் 41 மணிக்குப் போனது. யாரும் தீய எண்ணத்தில் செய்யவில்லை. காலை எட்டு மணிக்குப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் வேலையும் எட்டு மணிக்குத் தொடங்குகிறது, அவ்வளவுதான்.

இங்கே சட்ட நிலையைச் சொல்லியாக வேண்டும். வீட்டுப் பணியாளர் உறவை முறைப்படுத்தும் 2011ஆம் ஆண்டின் 1620ஆம் எண் அரச ஆணை, இருப்பிடம், சாப்பாடு, செலவு ஈடு ஆகியவற்றுக்குப் பதிலாகச் சில சேவைகள் செய்யும் ஓ-பேர் உறவைத் தன் வரம்புக்கு வெளியே வைக்கிறது. ஆனால் அது ஓர் அனுமானம்தான், மாறாக நிறுவலாம். நேரம் கூடக் கூட அது வீட்டு வேலையாகப் பார்க்கப்படும் வாய்ப்பும் கூடுகிறது. அது குடும்பத்துக்கும் நல்லதல்ல.

ஜனவரி இரண்டாம் வாரம் ஒப்பந்தத்தோடு அரைப் பக்க இணைப்பு சேர்த்தார்கள். விடுமுறை வாரங்களில் உச்சம் 30 மணி. கூடினால் அடுத்த இரு வாரத்துக்குள் அதே அளவு ஓய்வு. டிசம்பரில் கூடிய 13 மணிக்கு ஈடாக இரண்டரை நாள் கிடைத்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள், தினமும் அதில் நேரக் குறிப்பு. இதைப் பேசியதும் ஸ்பானியத்தில்தான். இவர் முந்தைய இரவு பாட்டியிடம் ஒத்திகை பார்த்திருந்தார்.

பிப்ரவரி: இரண்டரை

இந்த ஆண்டின் ஒரே பாதுகாப்புப் பிசகு. பையனுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைப்பு, 12.50க்குக் கூட்டிவந்தார். ஒரு மணிக்கு அம்மாவின் குரல் செய்தி: 38க்கு மேல் ஏறினால் 'தாலே தோஸ் இ மேதியோ'. 1.10க்கு 38.4 இருந்தது. ஆனாலும் அவர் மருந்து கொடுக்கவில்லை. இரண்டரை மணி ஆகக் காத்திருந்தார்.

'தோஸ் இ மேதியோ' என்றால் இரண்டரை அளவு, அதாவது இரண்டரை மில்லிலிட்டர். 'தோஸ் இ மேதியா' என்றால் மணி இரண்டரை. வேறுபாடு கடைசி உயிர் ஒன்றில். வேகமான குரல் செய்தியில், பின்னணியில் அலுவலக இரைச்சலோடு, அவர் கேட்டது இரண்டாவது. 2.20க்கு அம்மா அழைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது. 17 கிலோ பிள்ளை. வீட்டில் இருந்த பாராசிட்டமால் சிரப்பில் மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம். இரண்டரை மில்லிலிட்டர் அவனுக்கு உரிய அளவே. எழுபது நிமிடத் தாமதம் தவிர வேறு தீங்கு இல்லை. ஆனால் இதே குழப்பம் அளவிலோ இடைவெளியிலோ நடந்திருந்தால் விளைவு வேறு.

அன்றே எடுத்த முடிவு: மருந்து, ஒவ்வாமை, யார் பிள்ளையை அழைத்துப்போவது என்ற மூன்று விஷயத்திலும் மொழிப் பயிற்சி கிடையாது. எழுத்தில் மட்டும், இரண்டு மொழியிலும், எண் எண்ணாக, பக்கத்தில் அலகு. பெற்ற செய்தியைத் திருப்பி எழுதி, 'சரி' வந்த பிறகே செயல். மொழி பேச வந்தவர்கள் புரியாததை ஒப்புக்கொள்ளக் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சம் தொர்த்தீயாவில் இருக்கலாம், மருந்தில் இருக்கக்கூடாது.

மார்ச் முதல் ஜூன் வரை

மதுக்கடைக் கூட்டத்தை விட்டார். இரைச்சல் அதிகம், பத்துப் பேரில் ஏழு பேர் ஆங்கிலம் பேச வந்தவர்கள். பதிலாக ஒரு கல்லூரி மாணவியுடன் இருவர் மட்டும் சந்திப்பு. கைபேசியில் மணி வைத்து முப்பது நிமிடம் ஒரு மொழி, முப்பது நிமிடம் மற்றது. நகராட்சி விளையாட்டு மையத்தில் தொடக்க நிலை வாலிபால் குழுவிலும் சேர்ந்தார். பயிற்சி இரவு ஒன்பதேகாலுக்கு முடியும். குடியிருப்புக்குள் வரும் உள்ளூர்ப் பேருந்து அதற்குள் நின்றுவிடும். குழுவில் ஒருவர் காரில் இறக்கிவிட்டார். அந்தப் பத்து நிமிடமும் பேச்சு. ஓ-பேர் குழுவை முழுக்க விடவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு அவர்களுக்கு. தாய்மொழியோ ஆங்கிலமோ கேளாமல் ஓராண்டு இருந்துவிடலாம் என்பது வீம்பு. சோர்ந்த மூளை எந்த மொழியும் பேசாது.

மார்ச்சில் மீண்டும் ஒரு வாரம் எண்ணினார். பாட்டியுடன் 3 மணி 30 நிமிடம், குழந்தைகளுடன் ஸ்பானிய இடங்களில் 3 மணி, பெற்றோருடன் 2 மணி, வாலிபால் 1 மணி 15, பரிமாற்றம் 1 மணி, வகுப்பு 25 நிமிடம், மற்றவை 20. மொத்தம் 11 மணி 30 நிமிடம். வகுப்பு நேரம் இரண்டு எண்ணிக்கையிலும் அதே 25 நிமிடம்தான். கூடியதெல்லாம் வீட்டைச் சுற்றி.

விளைவு

இரண்டு நிமிடப் பதிவில் ஜனவரியில் 118 சொல், மார்ச்சில் 160, மே மாதம் 195. எண்ணிக்கையை விட முக்கியம், மே மாதப் பதிவில் நிறுத்தங்கள் வாக்கிய முடிவில் வந்தன. செப்டம்பரில் வினைச்சொல்லுக்கு முன் வந்தன.

மே மாதம் செர்வாந்தெஸ் நிறுவனத்தின் டெலே பி2 தேர்வு எழுதினார். அதில் வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்டலும் பேச்சும் மறு தொகுதி. ஒவ்வொன்றும் 50 மதிப்பெண், இரண்டிலும் குறைந்தது 30 வேண்டும். பேச்சுத் தேர்வுக்கு இருபது நிமிடம் தயாரிப்பு, இருபது நிமிடம் பேச்சு. முன்மொழிவுகளை எடைபோட்டு வாதிடுவது, படத்திலிருந்து ஒரு சூழலைச் சொல்வது, கணக்கெடுப்பு ஒன்றைப் பற்றிக் கருத்துச் சொல்வது. கேட்டல்–பேச்சுத் தொகுதியில் 38 பெற்றார். வாசிப்பு–எழுத்தில் 26. ஒரு தொகுதி தவறினால் முழுத் தேர்வும் தவறியதே. தேறிய தொகுதியை அடுத்த முறைக்குக் கொண்டுபோக முடியாது. சான்றிதழ் கிடைக்கவில்லை.

சறுக்கியது எழுத்தில். 80 நிமிடத்தில் இரண்டு கட்டுரை, ஒவ்வொன்றும் 150 முதல் 180 சொல்; முதலாவது ஒலிப்பதிவைக் கேட்டு அதை வைத்து எழுதும் கடிதம். ஒன்பது மாதத்தில் அவர் ஸ்பானியத்தில் எழுதியது பெரும்பாலும் குறுஞ்செய்திகள். கடிதத்தைப் பாட்டியிடம் பேசுவதுபோல எழுதியிருந்தார்: 'புவெஸ்' என்று தொடங்கி, 'உஸ்தெத்' வர வேண்டிய இடத்தில் 'தூ' போட்டு.

குழந்தைகள் பக்கம்: ஏழு வயதுப் பெண் விளையாட்டறையில் முழு வாக்கியமாக ஆங்கிலம் பேசினாள், பையன் புரிந்துகொண்டு ஸ்பானியத்தில் பதில் சொன்னான். குடும்பம் அடுத்த ஆண்டும் ஓ-பேர் வைத்துக்கொண்டது, இந்தமுறை ஒப்பந்தத்தில் இரு நிறத் தாளையும் எழுதி.

மாற்ற வேண்டியவை

ஒப்புக்கொள்ளுமுன் நடக்கும் காணொளிப் பேச்சில் கேட்க வேண்டிய கேள்வி 'நான் எந்த மொழியில் பேச வேண்டும்' என்பதல்ல. அதற்கு எல்லாரும் 'இரண்டிலும்தான்' என்பார்கள். 'நீங்கள் இருவரும் வீட்டில் இருக்கும்போது சாப்பாட்டு மேசையில் என்னிடம் எந்த மொழி', 'ஆங்கிலம் தெரியாத பெரியவர் யாராவது அருகில் இருக்கிறாரா', 'முந்தைய ஓ-பேரிடம் பேசலாமா', 'விடுமுறை வாரங்களில் எத்தனை மணி' என்று கேட்க வேண்டும். இவற்றுள் இரண்டாவதே இந்த நிகழ்வில் அதிகம் பலித்தது. ஆனால் அது தற்செயலாக அமைந்தது. திட்டமாக இருந்திருந்தால் செப்டம்பரிலேயே தொடங்கியிருக்கும், எட்டு வாரம் மிஞ்சியிருக்கும்.

மொழிப் பிரிவு முதல் வாரமே, இடப்படி. பிள்ளைகள் புதியவரை எந்த மொழியில் முதலில் கேட்கிறார்களோ அதிலேயே அவரை வைத்துக்கொள்வார்கள். நவம்பரில் மாற்ற எடுத்த பாடு செப்டம்பரில் பாதியாக இருந்திருக்கும். அரசு மொழிப் பள்ளிச் சேர்க்கைத் தேதியைக் கோடைக்கு முன்பே பார்த்து, அதைச் சுற்றியே பயண நாளை அமைக்க வேண்டும்.

எழுத்துக்கு ஜனவரியிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை, நாற்பது நிமிடம், முறையான கடிதம். திருத்த ஒருவர் வேண்டும். பரிமாற்றத் தோழியிடம் முப்பதில் பத்து நிமிடத்தை இதற்குக் கொடுத்திருக்கலாம். எந்தத் தேர்வை எழுதுவது என்ற முடிவும் வேறாக இருந்திருக்க வேண்டும். டெலே சான்றிதழுக்குக் காலாவதி இல்லை, ஆனால் நான்கு திறனும் ஒன்றாக நிற்க வேண்டும். கணினியில் எழுதும் இன்னொரு ஸ்பானியத் தேர்வான சியேலேயின் சான்றிதழ் ஐந்து ஆண்டுதான் செல்லும், ஆனால் நான்கு திறனுக்கும் தனித்தனி நிலை தருகிறது. பேச்சை மட்டும் தனியே எடுக்கவும் முடியும். பேச்சுக்காகவே போன ஒருவருக்கு மே மாதம் சியேலே, எழுத்து பிடிபட்ட பிறகு டெலே என்பதே பொருத்தமான வரிசை. அவர் இப்போது அந்த இரண்டாவதற்குத்தான் தயாராகிறார். வாரம் இரண்டு கடிதம், எல்லாம் 'உஸ்தெத்' போட்டு.